ஒரே மீடியமா, மூன்றாம் நாள் மாற்றுவதா?

ஐவிஎஃப் லேபில் கருவை ஐந்து நாள் வளர்க்கும் சத்துத் திரவம்தான் மீடியம். கருவுற்ற முட்டை முதல் இரண்டு நாள் பைருவேட்டையும் லாக்டேட்டையும் வைத்தே காலம் தள்ளும். எட்டு செல் தாண்டி, செல்கள் இறுகிய பிறகுதான் குளுக்கோஸ் பக்கம் திரும்பும். அதை வைத்துத்தான் இரண்டு கட்சி: மூன்றாம் நாள் மீடியத்தை மாற்றுவது, கடைசி வரை ஒன்றையே வைப்பது.

இரண்டு கட்ட மீடியம் கருவின் பசி பார்த்துப் பரிமாறுகிறது. முதல் கட்டத்துக்கான ஜி1-இல் குளுக்கோஸ் 0.5 மில்லிமோலார், இரண்டாம் கட்டத்துக்கான ஜி2-இல் 3.15. ஜி1-இல் இருக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் ஜி2-இல் கிடையாது. குளுக்கோஸ் எரிப்பதை ஈடிடிஏ அடக்கும். ஆரம்பத்தில் நல்லது, ஐந்தாம் நாள் வாக்கில் வரும் பிளாஸ்டோசிஸ்ட் நிலையில், குழந்தையாக வளரப்போகும் உட்செல் திரளுக்குக் கெடுதல். 1990-களில் சுண்டெலிக் கருவுக்காக உருவான கேசாம் (KSOM) என்ற மீடியத்தின் வழி வந்த ஒரே மீடியமோ எல்லாவற்றையும் முதல் நாளே வைத்துவிடும். வேண்டியதைக் கரு எடுத்துக்கொள்ளட்டும் என்கிற கணக்கு.

ஒரே மீடியத்தின் பலவீனம் அம்மோனியா. மீடியத்தில் உள்ள அமினோ அமிலமான சாதாரண குளூட்டமின் 37 டிகிரியில் தானாகவே சிதைந்து அம்மோனியாவை விடும். ஐந்து நாளில் அந்த அம்மோனியா சேர்ந்துவிடும். அதனால் லேபிளில், எளிதில் சிதையாத வடிவமான அலனைல்-குளூட்டமின் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூன்றாம் நாள் மாற்றியே ஆக வேண்டும். அப்புறம் 'ஒரே மீடியம்' என்ற பெயருக்கு அர்த்தமில்லை.

இன்னொரு கண்ணி ஆவியாதல். ஈரப்பதம் வைக்காத சிறு இன்குபேட்டரில், ஆயில் மூடியிருந்தாலும் ஐந்து நாளில் கரு இருக்கும் மீடியம் துளியின் (டிராப்) ஆஸ்மோலாலிட்டி, அதாவது கரைசலின் செறிவு, ஏறும். இந்தக் கேடு பெரும்பாலும் டிஷ் போடும்போதே தொடங்கிவிடுகிறது. மதுரை வெயிலுக்கு ஏசியை முழு வேகத்தில் வைத்து, சூடான தட்டின் மேல் 20 மைக்ரோலிட்டர் டிராப்புகளை வரிசையாக வைத்தால், கடைசி டிராப் வைப்பதற்குள் முதல் டிராப் சுண்டிவிடும். சூடில்லாத தட்டில், கொஞ்சம் கொஞ்சமாக வைத்து உடனே ஆயில் ஊற்றுங்கள். டிராப் 50 மைக்ரோலிட்டராக இருந்தால் இன்னும் பாதுகாப்பு. டிஷ்ஷை முந்தின இரவே இன்குபேட்டருக்குள் வைத்துவிடுங்கள்.

நேரடி ஒப்பீடுகளில் குழந்தை பிறப்பு அளவில் தெளிவான வெற்றி யாருக்கும் இல்லை. ஒரே எம்பிரியாலஜிஸ்ட் ஓட்டும் லேபுக்கு ஒரே மீடியமே சரி. கரு வெளியே வந்துபோகும் தடவை குறையும். ஆனால் இன்குபேட்டரில் ஆக்சிஜன் இன்னும் 20 சதவீதத்தில் ஓடினால் முதலில் அதை 5-க்கு இறக்குங்கள். மீடியம் சண்டை அப்புறம்.

மீடியத்தின் பிஹெச்சை (அமில-காரத் தன்மையை) தீர்மானிக்கும் கார்பன் டை ஆக்சைடு அளவை வேறு ஊர் லேபிலிருந்து காப்பியடிக்காதீர்கள். மதுரை ஏறக்குறைய 100 மீட்டர் உயரம்தான். இங்கே 6 சதவீதம் தரும் பிஹெச், காற்றழுத்தம் குறைந்த கொடைக்கானல் உயரத்தில் வேண்டுமென்றால் கார்பன் டை ஆக்சைடை ஏழே முக்கால் சதவீதம் வரை ஏற்ற வேண்டும். இன்குபேட்டர் மீட்டர் காட்டும் கார்பன் டை ஆக்சைடு எண்ணை மட்டும் நம்பாமல் டிஷ்ஷில் பிஹெச் அளந்து, மீடியம் கம்பெனி சொல்லும் எல்லைக்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.