கூகுள் சம்மர் ஆஃப் கோட்: ஆய்வு மென்பொருள் எழுதும் மாணவருக்கு ஒத்துவருமா?

பணத்தை மட்டும் நம்பி கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் இறங்குவதாக இருந்தால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். ஆய்வு மென்பொருளை ஒழுங்காக எழுதக் கற்க வேண்டும் என்றால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். திருச்சியில் வேதியியல் முதுகலை படிக்கும்போது விண்ணப்பித்துத் தேர்வாகி, வேலையை முடித்த பிறகு சொல்கிறேன்.

திறமூல மென்பொருளுக்கு, அதாவது மூல நிரலை யாரும் பார்த்துத் திருத்தும்படி திறந்து வைத்திருக்கும் மென்பொருளுக்கு, சில மாதம் நிரல் எழுதிப் பணம் பெறும் திட்டம் இது. 2005-இல் தொடங்கியது. பணம் தருவது கூகுள். ஆளைத் தேர்ந்தெடுப்பதும் வழிகாட்டுவதும் திறமூல அமைப்புகள். கணினித் துறை மாணவர்களுக்கானது என்று நினைத்து அறிவியல் மாணவர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஆனால் குறியீட்டு இயற்கணிதத்துக்கான சிம்பை, செர்ன் சார்ந்த துகள் இயற்பியல் மென்பொருள்கள், அறிவியல் கணக்கீட்டுத் திறமூலத் திட்டங்களை ஆதரிக்கும் நம்ஃபோகஸ் அமைப்பின் குடையின் கீழ் வரும் நிரல் நூலகங்கள் என்று நமக்கும் நிறைய இடமிருக்கிறது. 2022 முதல் மாணவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 18 வயது நிரம்பிய, திறமூலத்துக்குப் புதியவர்களும் வரலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது விண்ணப்பக் கட்டம்தான். சிம்பை போன்ற அமைப்புகள், தங்கள் நிரலுக்கு முன்கூட்டியே ஒரு சிறு திருத்தமாவது அனுப்பி அது ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன. மதிப்பெண் பட்டியலைவிட இது எவ்வளவோ நியாயமான நுழைவுத் தேர்வு. நான் எடுத்துக்கொண்டது, ஓர் அணுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் எத்தனை அணுக்கள் இருக்கின்றன என்று எண்ணி, அதைச் சராசரி அடர்த்தியில் இருக்க வேண்டிய எண்ணிக்கையால் வகுத்துச் சொல்லும் பகுதியை வேகப்படுத்தும் வேலை. விண்ணப்ப வரைவைப் படித்த மென்டர் (அமைப்பின் வழிகாட்டி) ஓரத்தில் கேட்டார்: “வேகம் சரி, விடை சரியென்று எதை வைத்துச் சொல்வீர்கள்?” அந்தக் கேள்விக்காகவே ஒரு பக்கம் சேர்த்தேன். எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப வருவதாக எடுத்துக்கொள்ளும் ஒரு பெட்டிக்குள் புள்ளிகளைத் தாறுமாறாகத் தூவினால், விடை எல்லாத் தூரத்திலும் 1-ஐ ஒட்டியே வர வேண்டும். பெட்டியின் பாதி நீளத்தைத் தாண்டினால்தான் சரிய வேண்டும். இதையே முதல் சோதனையாக எழுதி, வாரவாரியான திட்டத்தில் வேகப்படுத்தும் வேலைக்கு முன்னால் வைத்தேன். இப்படி என் கணக்கைக் குடைந்து பார்க்கும் ஆள் கல்லூரி ஆய்வகத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

பண விஷயத்துக்கு வருவோம். வேலை 90, 175, 350 மணி நேரம் என்று மூன்று அளவுகளில் இருக்கும். தொகை நாட்டுக்கு நாடு மாறும். நான் சேர்ந்த ஆண்டில் இந்தியாவுக்கு 175 மணி நேரத்துக்கு 1500 டாலர், 350-க்கு 3000. அமெரிக்காவில் இருப்பவருக்கு இதைவிட அதிகம். ஒரே நிரலுக்கு இரண்டு விலை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அப்புறம், முன்பணம் கிடையாது. இடைக்கால மதிப்பீட்டில் தேறினால் 45 சதவீதம், கடைசியில் மீதி 55. மே மாதம் தேர்வானாலும் ஜூலைக்குப் பிறகுதான் கையில் காசு வரும். மடிக்கணினி வாங்கவே இந்தப் பணத்தை எதிர்பார்க்கும் மாணவருக்கு இது பெரிய தடை. இந்த ஒன்றைக் கண்டிப்பாக மாற்ற வேண்டும்.

இன்னொன்று, ஓர் அமைப்புக்கு எத்தனை இடம் என்பதைக் கூகுள்தான் முடிவு செய்கிறது. நல்ல விண்ணப்பமும் இடமில்லாமல் நின்றுபோகலாம். மூன்று விண்ணப்பங்கள் வரை அனுப்பலாம் என்றாலும், ஆய்வு மென்பொருளுக்கு ஒன்றிரண்டை ஆழமாக எழுதுவதே மேல்.

விண்ணப்பம் பெரும்பாலும் மார்ச்சில் திறக்கும். அதற்குள் திருத்தம் ஏற்கப்பட வேண்டுமென்றால் ஜனவரியிலேயே அந்த நூலகத்தை நிறுவி, தீராத குறைகளின் பட்டியலைப் படிக்கத் தொடங்குங்கள். நம் பல்கலைக்கழகங்களில் ஜூன், ஜூலையில் அடுத்த பருவம் தொடங்கிவிடும். 175, 350 மணி நேர வேலைகளுக்கு வழக்கமான காலம் 12 வாரம். 22 வாரம் வரை நீட்டிக்க இடமுண்டு. அந்த நீட்டிப்பை விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.