எந்த ஏரியா ப்ரோ? காயலான் கடை கிடாரோடு ஐந்து வருஷம்

கிடாரின் தலைப்பகுதியில் இருந்த எழுத்தைக் கடைக்கார பாய் கண்ணைச் சுருக்கிக் கூட்டிப் படித்தார். "ஏ... ரி... யா... ப்ரோ." அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "எந்த ஏரியா ப்ரோவாம் தம்பி?"

நான் சிரிக்கவில்லை. சிரித்தால் விலை ஏறிவிடும்.

இது நடந்தது 2020 ஜனவரியில். போகிக்கு வீடுகளில் கழித்துப் போட்டதெல்லாம் வந்து குவிந்து, காயலான் கடைகள் வாசல்வரை நிரம்பியிருந்த நேரம். பெரம்பூரிலிருந்து மூலக்கடை போகிற வழியில் இருக்கும் இந்தக் கடைக்கு நான் போனது ஒரு இரும்பு பீரோவுக்காக. மிக்ஸி ஜார், இறக்கை இல்லாத டேபிள் ஃபேன், கதவில்லாத ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் நடுவில் மூன்றே மூன்று கம்பிகளோடு இந்த எலக்ட்ரிக் கிடார் சாய்ந்து நின்றது. பக்கத்தில் ஊரறிந்த ஒரு கம்பெனியின் கீபோர்டு. பாதிக் கட்டைகள் அமுக்கினால் எழவே இல்லை. அதற்கு 6,000 சொன்னார், கிடாருக்கு 4,500. "அது கம்பெனி ஐட்டம் தம்பி. இது இன்னான்னே தெரில."

பாயைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் பழைய வாத்தியம் விற்கிற பலருக்கும் நான்கைந்து பெயர்கள்தான் பழக்கம். அந்தப் பெயர் ஒட்டியிருந்தால் உளுத்த பலகைக்கும் ஒரு விலை உண்டு. பெயர் தெரியாத சரக்கு என்றால் எடைக்கு எடை.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். 'ஏரியா ப்ரோ 2' என்பது ஜப்பானில் நாகோயாவைச் சேர்ந்த ஷிரோ அராய் தொடங்கிய கம்பெனியின் பிராண்டு. அராய் என்கிற தன் பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டதுதான் அந்த 'ஏரியா'. எண்பதுகளின் நடுப்பகுதி வரை இவர்களுடைய கிடார்களில் பலவற்றைச் செய்துகொடுத்தது நாகனோ மாகாணத்தின் மாட்சுமோட்டோ நகரில் இருந்த மாட்சுமோகு என்ற தொழிற்சாலை. அவர்கள் தையல் மெஷினுக்கு மரப்பெட்டி செய்துகொண்டிருந்தவர்கள். இழைத்து, ஒட்டி, வழவழப்பாக்கி முடிப்பதில் கை பழகியவர்கள். 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறி ஜப்பான் சரக்கு வெளிநாட்டில் விலை கூடிப்போனது. நடுத்தர விலைக் கிடார் வேலை கொரியா பக்கம் நகர்ந்தது. 1987-ல் மாட்சுமோகு மூடப்பட்டது. அந்தக் காலத்துக் கிடார்களில் சீரியல் எண்ணின் தொடக்கத்திலேயே வருஷம் இருக்கும். என் கையில் இருந்தது 83 என்று தொடங்கியது.

பெரம்பூர் பக்கம் ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியா போனபோது வந்த சாமான் என்று பாய் சொன்னார். நம்பக்கூடிய கதைதான். பெரம்பூர், ராயபுரம் ரயில்வே குடும்பங்களில் கிடார் இல்லாத வீடு தேடினால்தான் கிடைக்கும் என்று என் அப்பா சொல்வார்.

பெயர் தெரிந்தது என்பதற்காக நான் வாங்கிவிடவில்லை. முதலில் கிடாரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கி குறிபார்ப்பதுபோல அதன் நீண்ட கழுத்தான நெக் நெடுக ஒரு கண்ணால் பார்த்தேன். முறுக்கல் இல்லை. நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகள்தான் ஃப்ரெட். தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அமுக்கிப் பிடித்தால், நடுவில் ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் மெல்லிய அட்டை ஒன்று நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அது இருக்க வேண்டிய அளவு. கிடார் உடம்பில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் காதை வைத்து, கம்பியை அடித்துப் பார்த்தேன். கரண்ட் இல்லாமலே மரம் நன்றாக அதிர்ந்தது. "கரண்ட்டு கிடார்க்கு இன்னாத்துக்கு தம்பி காதை வெக்கற?" என்றார் பாய். கேள்வி நியாயமானதுதான்.

நான் ஒரு கன்டெய்னர் யார்டில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறவன். பையில் எப்போதும் மல்டிமீட்டர் இருக்கும். வால்யூமை முழுதாகத் திறந்துவிட்டு, ஒயர் செருகும் ஜாக்குக்குள் மீட்டரின் இரண்டு ப்ரோபையும் வைத்துப் பார்த்தேன். கம்பியின் அதிர்வைக் கரண்ட்டாக மாற்றும் காந்தச் சுருள்தான் பிக்கப். கம்பிகளை அடிப்பக்கம் தாங்கும் பாலத்தின் பக்கத்துப் பிக்கப் 7.8 கிலோ ஓம் காட்டியது, ஆரோக்கியமான எண். நெக் பக்கத்துக்கு ஸ்விட்சைத் தள்ளினால் மீட்டரில் ஒன்றுமே இல்லை.

இங்கேதான் நான் கொஞ்சம் கள்ளத்தனம் பண்ணினேன். பிக்கப்பின் சுருள் உள்ளே அறுந்திருந்தால்கூட வால்யூம் பாட்டின் (குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்) ரெசிஸ்டன்ஸாவது மீட்டரில் தெரிய வேண்டும். அதுவும் தெரியவில்லை என்றால் பாட்டுக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் ஒயர் விட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இதை பாயிடம் சொல்லவில்லை. மீட்டரை மட்டும் அவர் பக்கம் திருப்பிக் காட்டி, "ஒரு சைடு செத்துப்போச்சு பாய்" என்றேன். 3,200-க்கு முடிந்தது. பீரோ வாங்கக் கொண்டுபோன பணத்தில் கிடாரோடு வந்து நின்றதற்கு வீட்டில் கிடைத்த வரவேற்பை இங்கே எழுதப் போவதில்லை.

அன்று ராத்திரி பின்பக்க மூடியைத் திறந்தால், நினைத்தது சரி. ஸ்விட்சில் ஈயப் பற்று விட்டு ஒரு ஒயர் அந்தரத்தில் தொங்கியது. இரண்டு நிமிஷ வேலை. இரண்டு பிக்கப்பும் பாட ஆரம்பித்தன.

மனசு உறுத்தியது. ஊரடங்கு தளர்ந்தபின் போய் பாயிடம் உண்மையைச் சொன்னேன். அவர் டீ சொல்லிவிட்டு, "அது எடைக்குப் போட்ட சாமான் தம்பி. நீ 500 குடுத்துருந்தாலும் எனக்கு லாபம்தான்" என்றார். அதற்கப்புறம் அந்த உறுத்தல் வரவில்லை, வேறொரு உறுத்தல் வந்தது.

வாங்கிய விலையோடு கணக்கு முடியாது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஃப்ரெட்டுகளில் பச்சைக் களிம்பு. குமிழ்களைத் திருகினால் கரகரவென்று சத்தம். ஒரு குமிழ் காணோம், ரிச்சி தெருவில் வாங்கிய ரேடியோ குமிழ்தான் இன்றுவரை அந்த இடத்தில் இருக்கிறது. கம்பிகள், கான்டாக்ட் கிளீனர், புது ஜாக், ஃப்ரெட் சமன் செய்யும் கூலி, பை என்று முதல் வருஷத்தில் 5,000-க்கு மேல் போனது. ஃப்ரெட் வேலைக்குக் கொடுத்த இடத்தில், "பழைய பிக்கப்தானே, கழற்றிக்கொள்கிறேன். புதுசு சும்மாவே போட்டுத் தருகிறேன்" என்று ஒருவர் ரொம்ப அன்பாகக் கேட்டார். நம் ஊரில் அந்தப் பெயர் தெரிந்த இன்னொரு ஆள் இருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். வேலை முடியும்வரை பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

எங்கள் வீடு காசிமேட்டுக்குப் பக்கம். கடல் காற்றும் கிடாரும் ஒத்துப்போகாது. சாதாரணக் கம்பி மூன்று வாரத்தில் கறுத்து, விரலில் துரு ஒட்டும். பூச்சு போட்ட கம்பி விலை அதிகம், ஆனால் மாதக்கணக்கில் தாங்குகிறது, கூட்டிக் கழித்தால் அதுதான் மலிவு. வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் சேர்த்துத் துடைத்துவிடுவேன். பாலத்தின் சின்ன ஸ்க்ரூக்கள் வந்தபோதே துருப்பிடித்து இறுகியிருந்தன. அம்மாவின் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்தேன், காலையில் திரும்பின. தையல் மெஷின் பெட்டி செய்தவர்கள் போட்ட ஸ்க்ரூ அல்லவா, அந்த மொழிதான் அதற்குப் புரிந்திருக்கிறது.

நெக் விஷயத்தில் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல அனுபவம். மே மாத வெயிலும் ஐப்பசி மழையும் மரத்தை அசைக்கத்தான் செய்யும். முதல் இரண்டு வருஷம் மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று திருக வேண்டியிருந்தது. மூன்றாவது வருஷத்திலிருந்து தொடவே இல்லை. நாற்பது வருஷம் காய்ந்த மரம், இனி அசைய அதில் என்ன மிச்சம் இருக்கிறது? புதுக் கிடாரில் இந்த நிதானம் கிடைக்க நாம் காத்திருக்க வேண்டும்.

சத்தம் பற்றி. இரண்டும் ஹம்பக்கர் வகைப் பிக்கப். ஒரே பிக்கப்பில் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, கரண்ட்டிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி செய்வது. 1955-ல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் உருவாக்கிய முறை. எங்கள் தெரு மாதிரி பழைய ஒயரிங், ட்யூப்லைட் சோக், பக்கத்து வீட்டு மோட்டார் என்று எல்லாம் இரைகிற இடத்தில் இதன் அருமை தெரியும். என் கிடாரில் ஒரு சுருளை மட்டும் பேசவைக்கும் சின்ன ஸ்விட்சும் உண்டு. மெல்லிசான, கண்ணாடி போன்ற சத்தம் வரும், கூடவே உஸ்ஸென்ற இரைச்சலும் வரும். கானா பசங்களோடு வாசிக்கும்போது டோலக்கோடு சேர்ந்து வெட்டி வெட்டிப் போக அந்த ஒற்றைச் சுருள்தான் சரி. சர்ச்சில் கிறிஸ்துமஸ் கேரல் என்றால் நெக் பக்கத்துப் பிக்கப், டோன் குமிழைப் பாதி மூடி. ஆம், செத்துப்போனதாகச் சொல்லி விலை குறைத்தேனே, அதேதான். இந்த ஐந்து வருஷத்தில் நான் அதிகம் வாசித்தது அதில்தான்.

நடுவில் தொழில்காரனாக ஒரு வார்த்தை. கம்பியைத் தொட்டால் விரலில் சுருக்கென்றால் அது கிடாரின் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் எர்த் இல்லை, அல்லது ஆம்ப்பில் (கிடார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) கசிவு. கம்பியில் கையும் மைக்கில் உதடும் வைத்து வாசிக்கிறவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. எர்த் சரிசெய்து, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்ட பிறகு வாசியுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கிடார் பரணில் இருந்தது, பிழைத்தது. ஆம்ப் தரையில் இருந்தது, அதன் டிரான்ஸ்ஃபார்மரோடு போய்ச் சேர்ந்தது. கரண்ட் திரும்ப வரும்வரை ராத்திரியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆம்ப் இல்லாமலே வாசித்தேன். கடையில் காது வைத்துக் கேட்ட அதே அதிர்வு. பையில் பூஞ்சை பிடித்துவிட்டது, மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

குறை இல்லாமல் இல்லை. எடை நான்கு கிலோவுக்கு மேல். இரண்டு மணி நேரம் நின்று வாசித்தால் மறுநாள் தோள்பட்டை பேசும், அகலமான பட்டை வாங்கியபின் கொஞ்சம் பரவாயில்லை. முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில் குழி விழுந்துவிட்டது. இன்னொரு முறை தேய்க்க உலோகம் இல்லை, மாற்றத்தான் வேண்டும். அதற்குக் கேட்கிற கூலி கிடார் விலையைவிட அதிகம். கொடுக்கத்தான் போகிறேன். இதே வயதுக் கிடார்களை இணையத்தில் 30,000, 40,000 என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் நான் விற்கிற யோசனையில் இல்லை. முதன்முதலாக கிடார் கற்றுக்கொள்ளப் போகிறவருக்கு மட்டும் இந்த வழியைச் சொல்ல மாட்டேன். ஈயம் பற்றவைக்கத் தெரியாமல், நெக்கைப் பார்க்கத் தெரியாமல் காயலான் கடையில் கிடார் வாங்கினால் விறகுதான் மிஞ்சும்.

போன மாதம் பாய் ஃபோன் செய்தார். "தம்பி, இன்னொரு ஏரியா ப்ரோ வந்துருக்கு. பேரன் ஃபோன்ல போட்டுப் பாத்துட்டான். 15,000."

வேலை முடிந்ததும் ஓடினேன். எழுத்து அதேதான், பளபளப்பும் இருந்தது. கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மொட்டை மாடியில் வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்கில் சாய்த்து வைத்திருப்பார்கள் போல, நெக் முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி இருந்தது. ராடைத் திருகி நேராக்குகிற கோணல் இல்லை. பாயிடம் காட்டினேன். அவரும் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"அதே எழுத்துதானே தம்பி?" என்றார்.

"பீரோ ஏதாவது வந்திருக்கா பாய்?" என்று கேட்டேன்.