180 கி.மீ. உட்கார்ந்தே போக: பிளவு மூக்கு சேடிலோடு மூன்று வருஷம்

2022 கோவா 70.3 பந்தயம். நீந்தி, 90 கி.மீ. சைக்கிள் ஓட்டி, கடைசியில் ஓடி முடிக்கும் அரை தூர டிரையத்லான். சைக்கிளில் 55ஆவது கிலோமீட்டர் வாக்கில் எனக்குத் தொடையிடுக்கில் உணர்ச்சியே இல்லை. வலித்திருந்தால்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். இது மரத்துப்போய்விட்டது. முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்டுவதற்காக ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கும் ஏரோ பாரிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் ஊசி குத்துகிற மாதிரி உணர்வு திரும்பும். மறுபடி குனிந்தால் மறுபடி மரக்கும். மிச்ச 35 கிலோமீட்டரையும் குனிவதும் நிமிர்வதுமாகவே முடித்தேன். காற்றுக்குத் தப்பவென்று காசு கொட்டி வாங்கிய ஏரோ பார் பாதி நேரம் சும்மா கிடந்தது. அன்று சாயங்காலம் சிறுநீர் கழிக்கும்போதும் உணர்வு சரியாக இல்லை. அதில்தான் பயந்தேன்.

ஆண்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. கூட ஓட்டுகிறவர்கள் வாட்ஸ், ஹார்ட் ரேட், கார்பன் வீல் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். ‘கீழே மரத்துப்போகுதுடா’ என்று நான் முதலில் சொன்னபோது சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகத் தனியாக வந்து, ‘எனக்கும்தான்’ என்றார்கள்.

அதுவரை நான் செய்ததெல்லாம் தப்பு. முதலில் சைக்கிள் கடையில் சேடிலுக்கு, அதாவது சீட்டுக்கு, ஜெல் கவர் மாட்டிவிட்டார்கள். ‘மெத்துன்னு இருக்கும் சார், சோபா மாதிரி’ என்றார் கடைக்காரர். பத்து கிலோமீட்டருக்கு சோபாதான். ஒரு மணி நேரம் போனதும் எலும்பு இருக்கும் இடத்தில் ஜெல் அமுங்கி, நடுவில் புடைத்துக்கொண்டு, எங்கே அழுத்தக் கூடாதோ அங்கேயே அழுத்தியது. அடுத்து, அட்டைப்பெட்டி அட்டையை ஸ்டூலில் போட்டு உட்கார்ந்து, பதிந்த இரண்டு குழிகளுக்கு நடுவே எவ்வளவு என்று அளந்து, அதற்கேற்ற அகலத்தில் ஒரு ரோடு சேடில் வாங்கினேன். நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு அந்த அளவு உதவும். எனக்கு உதவவில்லை. காரணம் பின்னால்தான் புரிந்தது.

நிமிர்ந்து உட்கார்ந்தால் உடம்பின் பாரம் பிட்டத்துக்கு அடியில் இருக்கும் இரண்டு எலும்பு முனைகளில் இறங்குகிறது. முழங்கையை ஏரோ பாரில் ஊன்றிக் குனிந்ததுமே இடுப்பு முன்பக்கமாக உருண்டுவிடும். நான் அட்டையில் அளந்த எலும்புகள் சேடிலைவிட்டே எழும்பிவிடும். பாரமெல்லாம் சேடிலின் மூக்குக்கு, அதாவது குறுகலான முன்நுனிக்கு, வந்து சேரும். அந்தரங்க உறுப்புகளுக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் அந்த வழியாகத்தான் ஓடுகின்றன. சைக்கிளை என் உடம்புக்கு ஏற்றபடி சரிசெய்து பைக் ஃபிட் செய்தவர் என்னைப் பக்கவாட்டில் வீடியோ எடுத்துக் காட்டி, ‘சேடில்ல பாதி காலியா கிடக்கு பாருங்க. நீங்க மூக்கு மேலதான் உட்கார்ந்திருக்கீங்க’ என்றார். பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

2023 ஜனவரியில் ஐஎஸ்எம் கம்பெனியின் பிஎன் 3.0 என்ற பிளவு மூக்கு சேடிலை வாங்கினேன். 15,000 ரூபாய்க்கு மேல். முன்பக்கம் கூரான மூக்குக்குப் பதில் இரண்டு மொட்டைக் கொம்புகள் இருக்கும், நடுவில் பிளவு. பார்க்க லட்சணமாக இருக்காது. வாங்கத் துணிந்ததற்கு ஒரு காரணம், அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சைக்கிளில் ரோந்து போகும் 90 போலீஸ்காரர்களிடம் மூக்கே இல்லாத சேடிலைக் கொடுத்துச் செய்த ஆய்வு. 2008இல் வெளிவந்தது. மரத்துப்போவதில்லை என்று சொன்னவர்கள் ஆரம்பத்தில் 27 சதவீதம், ஆறு மாதம் கழித்து 82 சதவீதம். ஐஎஸ்எம்மின் வடிவம் அச்சு அசலாக அது இல்லை, போலீஸ்காரர்கள் ஏரோ பாரில் குனிந்து ஓட்டுகிறவர்களும் இல்லை. இருந்தாலும் பணத்தை எடுத்து வைக்க அது போதுமாக இருந்தது.

முதல் இரண்டு வாரம் நரகம். மரத்துப்போவது முதல் நாளே நின்றுவிட்டது, அது உண்மை. ஆனால் உட்காரும் எலும்புக்கு முன்னால் இருக்கும் எலும்பு விளிம்புகளுக்குப் பாரம் தாங்கிப் பழக்கமே கிடையாது. அங்கே கன்றிப்போனது. போதாக்குறைக்கு இரண்டு கொம்புகளும் உள்தொடையில் உரசின. கழற்றி விற்றுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

காப்பாற்றியது மூன்று விஷயம். ஒன்று, இடம். பழைய சேடிலின் நுனி இருந்த அதே இடத்தில் இதன் நுனியை வைத்திருந்தேன். அது தப்பு. மூக்கை வெட்டிவிட்ட சேடில் இது, அதனால் இன்னும் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். உட்கார வேண்டியது கொம்புகளின் முனையில். நான் பழக்கதோஷத்தில் பின்னால் போய் உட்கார்ந்து, அகலமான பகுதியில் தொடையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு, சரிவு. பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் ரசமட்டம் கடன் வாங்கி வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் லேசாக மேலே தூக்கியிருந்தது. இரண்டு டிகிரி கீழே இறக்கியதும் வித்தியாசம் அன்றைக்கே தெரிந்தது. அதற்கு மேலும் இறக்கினால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் தோளுக்குப் போகிறது. மூன்று, இரண்டு கொம்புகளையும் சேர்த்து இழுத்து அடியில் ஒரு கேபிள் டை. பத்து ரூபாய்கூட ஆகாது. இந்த சேடில் வைத்திருக்கிற டிரையத்லான்காரர்கள் பலரும் செய்கிற வேலைதான். உரசல் பாதியாகக் குறைந்தது.

உயரத்தையும் சொல்ல வேண்டும். சேடில் 6 மி.மீ. அதிகமாக ஏறியிருந்தது. பெடல் கீழே போகும்போதெல்லாம் இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியது. ஆட்டம் இருந்தால் எந்த சேடிலிலும் தோல் உரியும். இப்போது சீட் போஸ்ட்டில் நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், ஊருக்குக் கழற்றிக் கொண்டுபோனாலும் அதே உயரத்தில் மாட்டலாம்.

பயிற்சியெல்லாம் ஈசிஆரில்தான். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 90 கி.மீ. ஆகிவிடும். தட்டையான சாலை, அதுவே வில்லங்கம். மேடு இருந்தால் எழுந்து நின்று மிதிப்போம், கீழே ரத்தம் ஓடும். உத்தண்டி டோல் தாண்டினால் எழுந்திருக்கக் காரணமே கிடையாது. அதனால் வாட்ச்சில் 15 நிமிடத்துக்கு ஒரு அலாரம். அடித்ததும் இருபது மிதி நின்றபடி. வீட்டில் டிரெய்னரில், அதாவது சைக்கிளை ஓரிடத்தில் பூட்டி மிதிக்கும் ஸ்டாண்டில், ஓட்டினால் இன்னும் மோசம், சைக்கிள் அசையவே அசையாது. அங்கே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை.

2024இல் மலேசியாவின் லங்காவியில் முழு தூர டிரையத்லான். 3.8 கி.மீ. கடலில் நீந்திவிட்டு அதே உடையில் 180 கி.மீ. ஓட்ட எனக்குத் தைரியமில்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் போடும் டிரை சூட்டில் உட்காரும் இடத்தில் இருக்கும் பேட் மெல்லிசு, உப்புத் தண்ணீரில் ஊறியது வேறு. உடை மாற்றும் கூடாரத்தில் துடைத்துக்கொண்டு, கிரீம் தடவி, காய்ந்த சைக்கிள் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டேன். ஆறு நிமிடம் போனது. பரிசு வாங்கப் போகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அங்கே வெயிலும் புழுக்கமும் மேடுமாக இருந்ததில் நான் செய்த ஒரே முட்டாள்தனம், ஒவ்வொரு தண்ணீர் நிலையத்திலும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டது. அது வழிந்து எங்கே போய்ச் சேரும் என்று யோசிக்கவில்லை. 130 கி.மீ. தாண்டி இடது தொடையிடுக்கில் எரிய ஆரம்பித்தது. இப்போது கழுத்துக்கும் கைக்கும் மட்டும்தான் தண்ணீர். ஆனால் மரத்துப்போகவில்லை, கடைசிவரை ஏரோவிலேயே இருந்தேன்.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். எங்களோடு ஓட்டும் அக்கா ஒருவர் என் சேடிலை மூன்று வாரம் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ‘தம்பி, இந்தக் கொம்பு எனக்குக் குத்துது’ என்றார். நடுவில் நீளமாக வெட்டு விட்ட, மூக்கு குட்டையான வேறொரு சேடிலில் இப்போது சௌகரியமாக இருக்கிறார். முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கி, ஏரோவில் குனிந்தபடி இரண்டு மணி நேரமாவது ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பதில் ஒன்றும் தெரியாது.

இதுவரை 17,000 கி.மீ. ஆகியிருக்கிறது. வலது கொம்பில் மேலுறை தேய்ந்து பளபளக்கிறது, உள்ளே பஞ்சும் இடதைவிட ஒரு நூல் அமுங்கியிருக்கிறது. அதாவது நான் இன்னமும் கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்துதான் உட்காருகிறேன். அடுத்த மாதம் இதே மாடலில் புதுசு வாங்கிக்கொண்டு, இதை டிரெய்னர் சைக்கிளுக்கு மாற்றிவிடப் போகிறேன். அதற்கும் ரசமட்டம் வேண்டும், மேஸ்திரி வேலை முடித்து வேறு ஏரியாவுக்குப் போய்விட்டார்.