கேம்பர்வேனில் ஹூக்கப் பொருத்தக் கொடுக்கிறீர்களா? மூடி போடும் முன் ஓட்டையைப் பாருங்கள்

இங்கிலாந்தில் வேன்களை கேம்பர்வேனாக மாற்றித் தரும் ஒரு பட்டறை பொருத்திய 230 வோல்ட் ஹூக்கப் (கேம்ப்சைட்டிலிருந்து வண்டிக்குள் மின்சாரம் எடுக்கும் இணைப்பு) பற்றிய எச்சரிக்கை இது. வண்டி ஃபோக்ஸ்வாகன் டி5. வெளியிலிருந்து பார்த்தால் வேலை அழகாகவே தெரியும். ஆனால் மழை பெய்த இரவுகளில் மட்டும் கேம்ப்சைட்டின் மின் இணைப்புக் கம்பத்தில் இருக்கும் ஆர்சிடி (மின்சாரம் கசிந்தால் தானே அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தது. பட்டறையைக் கேட்டால் முதலில் "சைட்டில் கரண்ட் சரியில்லை" என்றார்கள், அடுத்த முறை "உங்கள் கெட்டிலைப் பாருங்கள்" என்றார்கள்.

இரண்டுமே தவறு. வண்டியின் மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் கம்பத்து ஆர்சிடி விழுந்தது. வண்டிக்குள் இருந்த ஆர்சிடியோ ஒரு முறைகூட விழவில்லை. இந்தக் குறியை நன்றாக நினைவில் வையுங்கள். வண்டியின் வெளிப்பக்கத்தில் ஹூக்கப் லீடைச் செருகும் இன்லெட், வண்டியின் ஆர்சிடிக்கு முன்னால் வருவது. அங்கே ஈரம் பட்டு மின்சாரம் கசிந்தால் வண்டியின் ஆர்சிடிக்குத் தெரியாது, கம்பத்தில் உள்ள 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி மட்டுமே அதைப் பிடிக்கும். ஆர்சிடி இல்லாத பழைய வீட்டு சாக்கெட்டில் அடாப்டர் போட்டு அதே வண்டியைச் செருகினால், அதைப் பிடிக்க ஒன்றுமே இல்லை.

இன்லெட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. தகட்டை ஜிக்சாவால் அறுத்துவிட்டு, அறுத்த விளிம்பைப் பிசிர்கூட எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். ப்ரைமரும் இல்லை, பெயின்ட்டும் இல்லை. சுற்றிப் பூசியிருந்தது குளியலறைக்குப் பயன்படுத்தும், வினிகர் வாடை அடிக்கும் சிலிகான். அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், வெறும் இரும்பை அரிக்கும். துரு கிளம்பியதும் சிலிகானின் பிடி விட்டுப்போய், அந்த இடுக்கு வழியாக மழைநீர் நேராக டெர்மினலில் இறங்கியிருக்கிறது. நான்கு செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூக்கள் மெல்லிய தகட்டிலேயே முறுக்கப்பட்டிருந்தன. தொங்கும் கேபிளின் பாரத்தில் அவையும் ஆடிவிட்டன. ஐபி44 (நீர் தெறித்தாலும் உள்ளே போகாத தரம்) என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும், கேஸ்கெட் என்னும் அடைப்பு வளையம் சமமான பரப்பில் முழுதாக அழுந்தினால்தான் அந்தத் தரம் கிடைக்கும். இதையோ பாடியின் மடிப்புக் கோட்டின் மேலேயே வைத்திருந்தார்கள்.

இடத் தேர்வு அதைவிட மோசம். நடைபாதைப் பக்கம், ஸ்லைடிங் கதவுக்குப் பின்னால். பிளக் செருகியிருக்கும்போது கதவை முழுதாகத் திறந்தால் பிளக்கில் போய் இடிக்கும்.

இதற்கான விதி பிரிட்டனின் மின் இணைப்புத் தரநிலையான பிஎஸ் 7671-ல் 721-ஆம் பிரிவில் இருக்கிறது: இன்லெட் தரையிலிருந்து 1.8 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, எளிதில் கை எட்ட வேண்டும், பாடியை விட்டு அதிகம் துருத்தக் கூடாது, பிளக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐபி44 இருக்க வேண்டும். எங்கள் தேர்வு, ஓட்டுநர் பக்கப் பின்பகுதியில் சக்கரம் தெறிக்கும் சேற்றுக்கு மேலே உள்ள சமதளம். எரிபொருள் மூடிக்கும் காஸ் சிலிண்டர் பெட்டிக்கும் அருகில் வேண்டாம். பம்பருக்குக் கீழே மறைத்து வைப்பதும் வேண்டாம், குளிர்காலச் சாலை உப்பு அங்கேதான் சேரும். மூடியின் கீல் மேல்பக்கம் இருக்கட்டும்.

அறுப்பதற்கு முன் உட்பக்கம் டார்ச் அடித்து, தூண் சட்டமோ ஒயர் கட்டோ இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பெயின்ட்டைக் காக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, உள்ளே விழும் இரும்புத் தூளை ஒன்றுவிடாமல் எடுக்க வேண்டும், இல்லையேல் கிடந்த இடத்திலேயே துருப்பிடிக்கும். விளிம்பை அரத்தால் தேய்த்து, ஜிங்க் ப்ரைமர், மேலே பெயின்ட், முழுதாகக் காய அவகாசம். பிறகு கெட்டிப்படாத பியூட்டைல் மாஸ்டிக்கை (ரப்பர் போன்ற அடைப்புப் பசை) மேல்பக்கத்திலும் இரு பக்கவாட்டிலும் வைத்து, தப்பித் தவறி உள்ளே போகும் நீர் வெளியேற அடிப்பக்கத்தில் சிறு இடைவெளி விடுங்கள். உட்பக்கம் பிளைவுட் சட்டம் கொடுத்து, துருப்பிடிக்காத எஃகு போல்ட் போட்டால் ஆடாது. கேபிள் இன்லெட்டிலிருந்து முதலில் கீழே இறங்கி, பிறகு மேலேறட்டும். அப்போது வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இதே வண்டியில் வீட்டுச் சுவருக்குள் போடும் சாம்பல் நிற, ஒற்றைக் கம்பி கேபிளை ஓட்டியிருந்தார்கள். ஓடும் வண்டியின் அதிர்வில் அது டெர்மினலில் தளரும், முறியும். பல இழை கொண்ட 2.5 சதுர மி.மீ. வளையும் கேபிளும் நுனியில் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஃபெரூல் என்னும் சிறு உலோகக் குழலும் வேண்டும். இரும்பு பாடிக்கு 4 சதுர மி.மீ. பச்சை-மஞ்சள் இணைப்பு ஒயரே இல்லை. இதைத்தான் மன்னிக்க முடியவில்லை. லைவ் கம்பி தகட்டில் பட்டால், பாடியைத் தொடுகிறவர் உடல் வழியாகத்தான் அது பூமிக்குப் போகும்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் முன் ஹூக்கப் லீடைக் கழற்றிவிட்டு, இன்லெட் மூடியின் மேல் பத்து நிமிடம் ஹோஸால் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே டிஷ்யூ வைத்துப் பாருங்கள். அதன் பிறகு 500 வோல்ட்டில் இன்சுலேஷன் சோதனை: 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது. எர்த் தொடர்ச்சி, ஆர்சிடி விழும் நேரம் (30 மில்லி ஆம்பியரில் 300 மில்லி விநாடிக்குள்) ஆகியவையும் எண்களாக மின் சான்றிதழில் இருக்க வேண்டும். "டெஸ்ட் பண்ணியாச்சு" என்ற வாய்ச்சொல்லை ஏற்காதீர்கள். இந்த வண்டிக்குக் கிடைத்தது வெறும் பில் மட்டுமே.

பட்டறை கைவிரித்தால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலையைத் திரும்பச் சரியாகச் செய்யவும், அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவும் எழுத்தில் கேளுங்கள். இன்லெட்டைக் கழற்றும்போதே துரு விளிம்பையும் டெர்மினலையும் படம் எடுத்து வையுங்கள். 100 பவுண்டுக்கு மேல், 30,000 பவுண்டுக்குள் உள்ள வேலைக்கு கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவின்படி கார்டு நிறுவனத்திடமும் கோரலாம்.