வறுமையைக் கணக்கிட எந்த மாடல்? வரி–உதவித்தொகை சிமுலேஷன் முறைகள்: ஓர் ஒப்பீடு

2021-இல் அமெரிக்கா குழந்தைகளுக்கான வரிச் சலுகையை ஒரு வருடத்துக்கு மட்டும் பெரிதாக்கியது. அதுவரை ஒரு குழந்தைக்கு அதிகபட்சம் 2,000 டாலர். அது 6 வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு 3,600 டாலராகவும், 6 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு 3,000 டாலராகவும் உயர்ந்தது. அதைவிடப் பெரிய மாற்றம், சம்பாத்தியமே இல்லாத குடும்பத்துக்கும் முழுத் தொகை கிடைத்ததுதான்.

இதை நிரந்தரமாக்கினால் குழந்தை வறுமை எவ்வளவு குறையும்? சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். பெற்றோர் வேலை விஷயத்தில் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று வைத்தால் 34 சதவீதம் குறையும். வேலைக்குப் போவதால் கிடைக்கும் கூடுதல் பலன் குறைகிறது, அதனால் சுமார் 15 லட்சம் பேர் வேலையை விடுவார்கள் என்றும் சேர்த்துக்கொண்டால் 22 சதவீதம்தான் குறையும். திட்டமும் தரவும் ஒன்றே. இடையில் உள்ள 12 புள்ளி வித்தியாசம் மாடலுக்குள் வைத்த ஓர் அனுமானத்தால் வந்தது. கோடிக்கணக்கான குழந்தைகளைப் பற்றிய முடிவு அந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது என்பதால்தான், எந்த மாடல் எதற்கு என்ற கேள்வியை நிபுணர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

இந்த மாடல்களின் அடிப்படை எளிது. வீட்டுவாரிக் கணக்கெடுப்பிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களின் விவரங்களை எடுத்துக்கொள்வார்கள்: யார் யார் இருக்கிறார்கள், வயது என்ன, சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு. நாட்டின் வரிச் சட்டத்தையும் உதவித்தொகை விதிகளையும் கணினி நிரலாக எழுதுவார்கள். ஒவ்வொரு குடும்பமாக அந்த விதிகளுக்குள் செலுத்தினால் கையில் மிஞ்சும் வருமானம் கிடைக்கும். அப்புறம் ஒரு விதியை மாற்றி மறுபடி ஓட்டிப் பார்த்தால், யாருக்கு எவ்வளவு கூடியது, யார் வறுமைக் கோட்டைத் தாண்டினார்கள், ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரியும். சராசரிகளை விட்டுவிட்டுத் தனித்தனி மனிதர்களிலிருந்து தொடங்கலாம் என்ற யோசனையை கை ஆர்கட் என்ற பொருளியலாளர் 1957-இலேயே முன்வைத்தார்.

கற்பனைக் குடும்பமா, உண்மைக் குடும்பங்களா?

முதல் பிரிவினை இங்கே தொடங்குகிறது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பின் டாக்ஸ்பென் மாடல் கணக்கெடுப்புத் தரவைத் தொடுவதே இல்லை. 'தனியாக வாழும் தாய், இரண்டு குழந்தைகள், சராசரிச் சம்பளத்தில் பாதி' என்று ஒரு மாதிரிக் குடும்பத்தை வரைந்துகொண்டு, ஒவ்வொரு நாட்டின் சட்டமும் அந்தக் குடும்பத்தை எப்படி நடத்துகிறது என்று காட்டுகிறது.

இதன் பலம் தெளிவு. பிரிட்டனில் குறைந்த வருமானக்காரர்களுக்கான உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட்டை எடுத்துக்கொள்வோம். வருமான வரி 20 சதவீதம், தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு 2024 ஏப்ரல் முதல் 8 சதவீதம். இந்த இரண்டையும் கட்டும் அளவுக்குச் சம்பாதித்துக்கொண்டே உதவித்தொகையும் பெறும் ஒரு தாய் கூடுதலாக 100 பவுண்டு சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். வரியும் பங்களிப்பும் போக 72 பவுண்டு. அந்த 72-இல் 55 சதவீதம், அதாவது 39.60 பவுண்டு, உதவித்தொகையிலிருந்து குறைக்கப்படும். கடைசியில் அவர் கையில் நிற்பது 32.40 பவுண்டு. கோடீஸ்வரர் தன் சம்பளத்தின் கடைசி 100 பவுண்டுக்குக் கட்டுவதைவிட இவர் இழப்பது அதிகம். ஏழைகள் ஏன் கூடுதல் நேரம் உழைக்கத் தயங்குகிறார்கள் என்று குறைசொல்லும் யாருக்கும் இந்த ஒரு கணக்கைக் காட்டினால் போதும்.

ஆனால் இதே மாடலைக் காட்டி 'வறுமை குறைந்தது' என்று எழுதினால் நம்ப வேண்டாம். அந்தத் தாயைப் போல நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இந்த மாடலுக்குத் தெரியாது. வறுமை என்பது தலைகளை எண்ணிச் சொல்லும் கணக்கு. எண்ணுவதற்கு உண்மையான மக்களைப் பிரதிபலிக்கும் தரவு வேண்டும். விதிகளின் உள்முடிச்சுகளைப் பார்க்க டாக்ஸ்பென் போதும்; வறுமை வீதத்துக்கு அது பொருந்தாது.

யூரோமாட்

தரவின் மேல் ஓடும் மாடல்களில் மிக விரிவானது யூரோமாட். 1990-களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜில் ஹாலி சதர்லாந்தின் தலைமையில் தொடங்கி, பிறகு எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்து, 2021 முதல் ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையத்தின் பொறுப்பில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளையும் ஒரே மென்பொருளில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு 'முதுகெலும்பு' உண்டு: எந்த வரி முதலில், எந்த உதவித்தொகை அடுத்து என்று சட்டம் செயல்படும் வரிசை. இந்த வரிசை அற்பமானதல்ல. வீட்டு வாடகை உதவியைக் கணக்கிடும்போது குழந்தை உதவித்தொகையை வருமானமாகச் சேர்ப்பதா வேண்டாமா என்பதற்கு நாட்டுக்கு நாடு விதி வேறு. அதைத் தப்பாக வைத்தால் அடிமட்டத்தில் உள்ளவர்களின் வருமானம்தான் முதலில் பிசகும்.

எல்லா நாடுகளும் ஒரே சட்டகத்தில் இருப்பதால் ஒரு நாட்டின் குழந்தை உதவித்தொகையை எடுத்து இன்னொரு நாட்டில் பொருத்திப் பார்க்கலாம். அந்த வசதியை இதே அளவில் தரும் வேறு மாடல் இல்லை. மென்பொருளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அடியில் இருக்கும் கணக்கெடுப்புத் தரவுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அந்தத் தரவும் கொஞ்சம் பழையதாகவே இருக்கும். விலைவாசி, சம்பள உயர்வுக் காரணிகளைப் போட்டு இன்றைய நாளுக்குக் கொண்டுவருவார்கள். வேலையின்மை வேகமாக மாறும் காலத்தில் இப்படி எண்களைப் பெருக்கினால் மட்டும் போதாது. 2020-இல் கோவிட் வந்தபோது வேலை இழந்தவர்களைத் தரவுக்குள் செயற்கையாக உருவாக்க வேண்டி வந்தது அதனால்தான்.

எனக்கு இதில் உள்ள பெரிய கவலை வேறு. சாதாரணமாக ஓட்டினால், தகுதி உள்ள ஒவ்வொருவரும் உதவித்தொகையை வாங்கிவிட்டதாகவே மாடல் எடுத்துக்கொள்ளும். நடப்பு அப்படி இல்லை. பிரிட்டனில் ஏழை முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டைத் தகுதியுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வாங்குவதே இல்லை. விண்ணப்பம் நீளம், கூச்சம், தகவல் தெரியாமை, மறுக்கப்படுவோமோ என்ற பயம் என்று காரணங்கள் பல. மாடலின் திரையில் இவர்கள் எல்லோரும் கோட்டுக்கு மேலே தெரிவார்கள், வீட்டில் கோட்டுக்குக் கீழேயே இருப்பார்கள். வரி ஏய்ப்பிலும் இதே சிக்கல் எதிர்ப்பக்கமாக வரும். யூரோமாட் சில நாடுகளுக்கு, கிரேக்கம் அதில் ஒன்று, இத்தகைய திருத்தங்களை வைத்திருக்கிறது. அந்தத் திருத்தம் இயக்கப்பட்டதா இல்லையா என்று சொல்லாத வறுமை எண்ணை நான் பாதி எண்ணாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இதே மென்பொருளைக் கொண்டு ஐநா பல்கலைக்கழகத்தின் வைடர் நிறுவனமும் எசெக்ஸ் ஆய்வாளர்களும் தென்னாப்பிரிக்கக் கூட்டாளிகளும் சேர்ந்து உருவாக்கியது சவுத்மாட். கானா, சாம்பியா, உகாண்டா, எத்தியோப்பியா, மொசாம்பிக், தான்சானியா, வியட்நாம், ஈக்வடார் போன்ற நாடுகளுக்கு மாடல்கள் இருக்கின்றன. இங்கே கள நிலைமை வேறு. பெரும்பாலானோர் முறைசாரா வேலையில் இருப்பதால் வருமான வரி சிலரைத்தான் தொடும். ஏழைகளைத் தொடுவது பொருள் வாங்கும்போது கட்டும் மறைமுக வரி. அதனால் வறுமையை வருமானத்தை வைத்துப் பார்க்காமல் நுகர்வை வைத்துப் பார்க்கிறார்கள். அது சரியான முடிவு. கஷ்டமான இடம், கூரை எதனால் ஆனது, எத்தனை பேருக்கு ஓர் அறை என்பதை வைத்து ஏழைகளைத் தேர்ந்தெடுக்கும் திட்டங்கள். ஊர்க் குழு கூடிப் பட்டியல் போடும் முறையை எந்த நிரலும் முழுசாகப் பின்பற்ற முடியாது.

சட்டத்தைப் பார்ப்பதா, நடந்ததைப் பார்ப்பதா?

சவுத்மாட்டுக்கு நேர் போட்டி டுலேன் பல்கலைக்கழகத்தில் நோரா லஸ்டிக் தொடங்கிய சிஇக்யூ (Commitment to Equity) முறை. அது 'இதை மாற்றினால் என்ன ஆகும்' என்று கேட்பதைவிட, 'ஒரு குறிப்பிட்ட வருடத்தில் அரசு யாரிடம் வாங்கி யாருக்குக் கொடுத்தது' என்றே முதலில் கேட்கிறது. சந்தை வருமானத்தில் தொடங்கி, நேரடி வரியும் பண உதவியும் கணக்கிட்ட பின், மறைமுக வரியும் மானியமும் கணக்கிட்ட பின், கல்வியும் மருத்துவமும் சேர்த்த பின் என்று படிப்படியாக வருமானத்தைக் காட்டும்.

சிஇக்யூ கொண்டுவந்த ஒரு கண்டுபிடிப்புக்காகவே அதை நான் மதிக்கிறேன். எத்தியோப்பியா, தான்சானியா போன்ற நாடுகளில் வரியும் உதவியும் சேர்ந்து ஏற்றத்தாழ்வைக் குறைக்கின்றன. அதே நேரத்தில் மறைமுக வரிகளையும் கழித்துப் பார்த்தால் வறுமையில் இருப்பவர்களின் வீதம் கூடுகிறது. இரண்டும் ஒன்றாக நடக்க முடியும். பணக்காரரிடம் நிறைய வாங்கி, ஏழையிடமும் கொஞ்சம் வாங்கினால் இடைவெளி சுருங்கும்; ஏழை இன்னும் ஏழையாவார். கினியை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. ஒரு குடும்பம் திரும்பப் பெறுவதைவிடக் கட்டுவது கூடி, அதனால் வறுமையில் விழுவதையோ மேலும் ஆழத்துக்குப் போவதையோ தனியாக அளக்கும் முறையையும் இந்தக் குழுவினர் வகுத்தார்கள்.

சிஇக்யூவின் கடைசிப் படியில்தான் எனக்கு உடன்பாடில்லை. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அரசு செலவழித்த தொகையை அப்படியே மக்களின் வருமானமாகச் சேர்க்கிறார்கள். ஆசிரியர் வராத பள்ளிக்கும் செலவு உண்டு. அந்தச் செலவு ஏழையின் கணக்கில் வருமானமாக ஏறினால் வீட்டில் அரிசி வாங்க முடியாது. அந்தப் படி சேவைகள் யாரை எட்டுகின்றன என்று பார்க்க உதவும்; வறுமை எண்ணாக அதைச் சொல்லக் கூடாது.

மனிதர்கள் மாறிக்கொள்வதை எப்படிச் சேர்ப்பது?

தொடக்கத்தில் சொன்ன 34-க்கும் 22-க்கும் வருவோம். யாரும் எதையும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள் என்று கணக்கிடுவது நிலையான மாடல். வேலை நேரத்தையும் வேலைக்குப் போவதா என்பதையும் குடும்பம் மறுபடி முடிவு செய்யும் என்று வைப்பது நடத்தை மாடல். கேட்டவுடன் இரண்டாவதுதான் நேர்மையானது என்று தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. அதன் விடை முழுவதும், வேலையால் கிடைக்கும் பலன் மாறும்போது மக்கள் எவ்வளவு அசைவார்கள் என்று முன்கூட்டியே வைக்கும் எண்ணைச் சார்ந்தது. சிகாகோ கணக்கை மறுத்தவர்கள் திட்டத்தையோ தரவையோ குறைசொல்லவில்லை. அந்த எண் மிகப் பெரியது என்றார்கள்.

2021-இல் அந்த வரிச் சலுகையின் ஒரு பகுதி ஆறு மாதம் மாதாமாதம் பணமாக வந்த காலத்தை ஆராய்ந்த பல ஆய்வுகளில் வேலைவாய்ப்பு தெளிவாகக் குறைந்ததற்குத் தடயம் இல்லை. வரிகளையும் அரசு உதவிகளையும் சேர்த்துப் பார்க்கும் அமெரிக்காவின் துணை வறுமை அளவீட்டின்படி குழந்தை வறுமை 2020-இல் 9.7 சதவீதம், 2021-இல் 5.2, திட்டம் முடிந்த பின் 2022-இல் 12.4. அந்த இறக்கத்தில் மற்ற கோவிட் உதவிகளுக்கும் பங்கு உண்டு. ஆறு மாதத் தற்காலிகப் பணத்தை வைத்து நிரந்தரத் திட்டத்தின் விளைவைச் சொல்லிவிடவும் முடியாது. ஆகவே நிலையான கணக்கை அடித்தளமாக வைத்து, நடத்தை மாற்றத்தைக் குறைந்தது, கூடியது என்று ஒரு வரம்பாகக் காட்டுவதே சரி. ஒற்றை எண்ணாகத் தந்தால், எந்த அனுமானத்துக்கு எவ்வளவு பாரம் என்று படிப்பவருக்குத் தெரியாமல் போகும்.

விலைவாசி, சம்பளம், உற்பத்தி எல்லாவற்றையும் சேர்த்து மொத்தப் பொருளாதாரத்தையும் ஓட்டும் பொதுச் சமநிலை மாடல்கள் இருக்கின்றன. எரிபொருள் மானியத்தை முழுசாக நீக்குவது போன்ற பெரிய மாற்றத்துக்கு அவை தேவை. ஒரு குழந்தை உதவித்தொகையைக் கூட்டுவதற்கு அவ்வளவு தூரம் போனால் அனுமானங்கள் மட்டும்தான் பெருகும். ஓய்வூதியத்துக்கு, மக்களை வருடம் வருடமாக வயதேற்றிப் பார்க்கும் இயங்கு மாடலே பொருத்தம்.

திறந்த நிரல்

பிரான்சில் பிறந்த ஓபன்ஃபிஸ்காவும், அதன் அடித்தளத்திலிருந்து கிளைத்துப் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் மாடல் கட்டிய பாலிசிஎன்ஜினும் சட்டத்தை எல்லோரும் படிக்கக்கூடிய நிரலாகத் திறந்து வைத்திருக்கின்றன. பாலிசிஎன்ஜினில் உலாவியைத் திறந்து ஒரு வரி வீதத்தை மாற்றினால் வறுமை எப்படி நகர்கிறது என்று பார்த்துவிடலாம். நாடுகளை ஒப்பிடும் வேலையில் யூரோமாட் இன்னும் முன்னே இருக்கிறது. ஆனால் ஒரு சாதாரண குடிமகன் நிதியமைச்சரின் கணக்கைத் தானே சரிபார்க்க முடிவது இங்கேதான், அதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

எந்த மாடலை எடுத்தாலும் வறுமைக் கோட்டை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். ஐரோப்பாவில் வழக்கமான கோடு, நடுநிலை வருமானத்தின் (எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் சரியாக நடுவில் நிற்பவரின் வருமானம்) 60 சதவீதம். நாடே ஏழையாகும்போது நடுநிலை வருமானமும் கோடும் சேர்ந்து இறங்கும். 2008-க்குப் பிந்தைய நெருக்கடியில் கிரேக்கத்தில், நெருக்கடிக்கு முந்தைய கோட்டை அப்படியே நிறுத்தி அளந்தபோது வறுமை பல மடங்கு வேகமாக உயர்ந்தது தெரிந்தது. நகரும் கோட்டில் அந்த உயர்வின் பெரும்பகுதி காணாமல் போனது. ஒரு சீர்திருத்தத்தைச் சோதிக்கும்போது சீர்திருத்தத்துக்கு முந்தைய கோட்டையே நிறுத்தி ஒரு கணக்கும், நகரவிட்டு ஒரு கணக்கும் போட்டு, இரண்டையும் ஒரே அட்டவணையில் தர வேண்டும். இதற்குத் தனி மாடல் தேவையில்லை. மேலே சொன்ன தரவு மாடல்கள் எதிலும் செய்யக்கூடிய வேலைதான்.