நவம்பர் காட்டில் ட்ரெயில் கேமராவுக்கு எது கட்டுப்படியாகும்: செல்லா, 12 வோல்ட் பெட்டியா?

ட்ரெயில் கேமரா (காட்டில் மரத்தில் கட்டிவிட்டு வந்தால், விலங்கு கடக்கும்போது தானாகப் படம் எடுப்பது) வாங்கும்போது பேட்டரிச் செலவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கேமரா மலிவாகவே கிடைக்கிறது, அதற்கு எட்டு டபுள் ஏ செல் (சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அதே சைஸ்) வேண்டும், அதை சீசன் முழுக்க மாற்றி மாற்றிப் போட்டால் கொஞ்ச வருடத்தில் கேமரா விலையை செல் விலை தாண்டிவிடும். நான் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். வடக்கே தெரிந்த பெரியவர் ஒருவரின் நிலத்தில் மான் வேட்டைக்குப் போகிறேன். அவர் லித்தியம் செல்லை விடமாட்டார், நான் 12 வோல்ட் பெட்டிக்கு (கேமராவுக்கு வெளியே வைத்து வயரில் இணைக்கும் பெரிய பேட்டரி) மாறிவிட்டேன். அதனால் இது நடுநிலையான அலசல் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூரில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குத் தடை. இதே மாதிரிக் கேமராவை அங்கே புலியை எண்ணத்தான் கட்டுகிறார்கள், 2018 கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் வைத்து கின்னஸ் சாதனையே செய்தார்கள். இங்கே வேட்டை லைசென்ஸ் எடுத்து, குறித்த தேதிக்குள் செய்வது. கேமரா விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: அரிசோனாவில் 2022 ஜனவரி முதல் வேட்டைக்கு உதவியாக ட்ரெயில் கேமரா வைக்கவே தடை. மிச்சிகனில் சொந்த நிலத்தில் வைக்கலாம்.

எது பேட்டரியைத் தின்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கேமரா சும்மா காத்திருக்கும்போது மிகக் கொஞ்சம்தான் இழுக்கும். பகலில் ஒரு படம் எடுப்பதும் பெரிய விஷயமில்லை. இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியும் அந்த ஒரு நொடியில்தான் பேட்டரியில் இருந்து பலமாக இழுக்கிறது. வீடியோ என்றால் விளக்கு எரியும் நேரம் முழுக்க அதே கதை. செல்போன் சிம் போட்ட கேமராவாக இருந்தால் படத்தை அனுப்பவும் தனியாக சக்தி வேண்டும். சிக்னல் மட்டமான பள்ளத்தில் வைத்தால் டவரைத் தேடித் தேடியே பேட்டரி போய்விடும்.

இப்போது மிச்சிகன் நாட்காட்டியைப் பாருங்கள். துப்பாக்கி சீசன் வருடாவருடம் நவம்பர் 15 முதல் 30 வரை, எந்தக் கிழமையாக இருந்தாலும் சரி. வெள்ளைவால் மானுக்கு இனச்சேர்க்கை உச்சமும் நவம்பரின் முதல் பாதியை ஒட்டியே வருகிறது, கிடா மான்கள் இராப்பகலாக அலையும். அந்த அட்சரேகையில் நவம்பர் நடுவில் இரவு மட்டும் 14 மணி நேரத்துக்கு மேல். குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கத் தொடங்கும் நேரமும் அதுதான். படம் அதிகம், அதில் இரவுப் படம் அதிகம், குளிரில் பேட்டரியின் தெம்பு குறைவு, மூன்றும் ஒரே மாதத்தில் வந்து விழுகின்றன. சரியாக அந்த மாதத்தில்தான் நாம் கேமரா பக்கம் கால் வைக்கவும் கூடாது, ஏனென்றால் செல் மாற்றப் போகிற ஒவ்வொரு நடையும் மனித வாசனையை மான் பாதையில் விட்டுவிட்டு வருவது. அதனால் எனக்கு ஒரே ஒரு கேள்விதான்: அக்டோபர் கடைசியில் வைத்துவிட்டு வந்தால், நவம்பர் முடியும்வரை நான் அந்தப் பக்கம் போகாமல் இருக்க முடியுமா? செல் விலையை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

ஆல்கலைனை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். மொத்தமாக வாங்கினால் மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், கோடைக்குப் பரவாயில்லை. குளிரில் அதன் உள்மின்தடை ஏறிவிடும். விளக்கு எரியும் நொடியில் வோல்டேஜ் படுத்துவிடும். பகல் படங்கள் எல்லாம் அழகாக வரும், இரவுப் படங்கள் மட்டும் முதலில் மங்கி, பிறகு கறுப்பாகி, கடைசியில் கேமரா தானாக அணைந்து எழுந்து தேதியைத் தொலைத்துவிட்டு நிற்கும். இன்னொன்று, சீசன் முடிந்து உள்ளேயே விட்டுவிட்டால் கசியும். ஸ்பிரிங் மேல் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அது காரம்; பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்தால் போகும், ஆனால் அரித்த ஸ்பிரிங் திரும்பி வராது.

திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள், எனலூப் வகை, எனக்குப் பிடித்தவை. விளக்கு இழுக்கும் கரண்ட்டைச் சளைக்காமல் கொடுக்கும், குளிரிலும் ஆல்கலைனைவிட நன்றாகத் தாங்கும், நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஆகும். சிக்கல் 1.2 வோல்ட்டில். எட்டைச் சேர்த்தால் 9.6 தான், கேமரா 12-ஐ எதிர்பார்த்து, முழு சார்ஜிலேயே பாதி பேட்டரி என்று காட்டும், சில கேமராக்கள் சீக்கிரமே அணைந்துவிடும். மெனுவில் செல் வகையைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிற கேமரா என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. யூஎஸ்பி வயரில் சார்ஜ் ஆகும் 1.5 வோல்ட் லித்தியம் அயான் செல்கள் இதைத் தீர்க்கும் என்கிறார்கள். நான் அவற்றை வீட்டு ரிமோட்டில்தான் போட்டிருக்கிறேன், காட்டுக்குச் சான்றிதழ் தரமாட்டேன். வாங்குகிறவர்கள் அட்டையில் மில்லி ஆம்பியரா, மில்லி வாட்டா என்று பாருங்கள்: 3,500 மில்லி வாட் ஹவர் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பது 1.5-ஆல் வகுத்தால் 2,300 சொச்சம் மில்லி ஆம்பியர் ஹவர்தான்.

பெரியவரின் கட்சிக்கு வருவோம். ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் லித்தியம் டபுள் ஏ. எனர்ஜைசர் அல்டிமேட் லித்தியம் மைனஸ் 40 டிகிரி வரை வேலை செய்யும் என்று கம்பெனியே போட்டிருக்கிறது, மிச்சிகனின் நவம்பர் குளிருக்கு அது தாராளமாகப் போதும். எடையும் குறைவு, ஆல்கலைன் 23 கிராம் என்றால் இது 15. கடைசிவரை வோல்டேஜ் விழாமல் ஒரே மட்டத்தில் ஓடுவதால் இரவுப் படம் முதல் நாளும் கடைசி நாளும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். அதனாலேயே கேமராவின் பேட்டரி அளவை நம்ப முடியாது, முழுசு முழுசு என்று காட்டிவிட்டுத் திடீரென்று நின்றுபோகும். அவர் சொல்வது இவ்வளவுதான்: "போட்டோமா, மறந்தோமா." அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒரு செல் ஒன்றரை, இரண்டு டாலர் என்று வைத்தாலும் எட்டுக்கு 12 முதல் 16 டாலர், சிம் கேமரா என்றால் சீசனுக்கு ஒரு செட்டில் நிற்காது. நாலைந்து கேமரா வைத்திருப்பவருக்கு இது வருடாவருடம் குப்பைக்குப் போகும் காசு.

சோலார் பற்றி அதிகம் கேட்கிறார்கள். உள்ளேயே சிறிய பேட்டரி வைத்த பேனல்கள் கோடையில், வயல் ஓரத்தில், அருமை. நவம்பரில் பகல் ஒன்பதரை மணி நேரம், சூரியன் தெற்கே தாழ்ந்து போகும், மேகமோ நாள்கணக்கில் கலையாது. ஓக், மேப்பிள் காட்டில் இலை உதிர்ந்துவிடுவதால் கோடையைவிட வெளிச்சம் உள்ளே வரும் என்பது ஒரு ஆறுதல்; இலை உதிராத சீடர் மரச் சதுப்பில் அதுவும் கிடையாது. மான் குளிருக்கு ஒதுங்குவது அந்தச் சீடர் மரங்களுக்குள்தான்.

சரி, என் பெட்டி. 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர், மூடிய லெட் ஆசிட் (ஈய அமில) பேட்டரி. வீட்டுத் திருட்டு அலாரத்திலும் சின்ன யூபிஎஸ்ஸிலும் குழந்தைகள் ஓட்டும் பொம்மைக் காரிலும் இருப்பது இதுதான். ஒரு செங்கல்லைவிடச் சின்னது, எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். விலை ஏறக்குறைய ஒரு செட் லித்தியம் செல் விலைதான், கொஞ்சம் கூடலாம். கணக்கைப் பாருங்கள். எட்டு லித்தியம் செல்லில் இருப்பது ஏறத்தாழ 36 வாட் ஹவர் (உள்ளே இருக்கும் மொத்த சக்தியின் அளவு), எட்டு எனலூப்பில் 19, இந்தப் பேட்டரியில் 84. லெட் ஆசிட்டைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும், அதனால் பாதியோடு நிறுத்துகிறேன் என்று வைத்தாலும் 42. குளிரில் இன்னும் ஒரு ஐந்தில் ஒரு பங்கு போனால்கூட லித்தியம் செட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது, அடுத்த வருடம் அதே பேட்டரியைத் திரும்ப சார்ஜ் போட்டு எடுத்துப் போகலாம். அவசரத்துக்குப் பாதியைத் தாண்டி ஒருமுறை இறங்கினாலும் செத்துப்போகாது.

எல்லாரும் விலையைப் பேசுகிறார்கள், ஆனால் இந்தப் பெட்டி கட்டுப்படியாகுமா ஆகாதா என்பதைத் தீர்மானிப்பது பராமரிப்புதான். பேட்டரி சாவது காட்டில் இல்லை, வீட்டு கராஜில். சீசன் முடிந்து பாதி சார்ஜில் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிட்டு அடுத்த செப்டம்பரில் தேடினால், தகட்டில் சல்பேட் படிந்து அது வெறும் ஈயக்கட்டியாக இருக்கும். அப்போது "லெட் ஆசிட் ஒரு வருடம்தான் வந்தது" என்பார்கள். காட்டில் இருந்து வந்த அன்றே முழு சார்ஜ் ஏற்றி, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜரில் ஒரு இரவு விட்டால் போதும். காருக்கான பெரிய சார்ஜர் வேண்டாம், பைக் பேட்டரிக்கு விற்கும் ஒரு ஆம்பியர் சார்ஜர் சரியான அளவு. மல்ட்டிமீட்டரால் தொட்டுப் பாருங்கள்: ஓய்வில் 12.7-க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 பக்கம் வந்தால் பாதி. முழுக்க இறங்கிய பேட்டரியைக் கடுங்குளிரில் காட்டில் விடவும் கூடாது. நிறைந்த பேட்டரியின் அமிலம் உறைவதற்கு மைனஸ் 50-ஐத் தாண்டவேண்டும், காலியானது மைனஸ் பத்துக்குள்ளேயே உறைந்து ஓடு வெடித்துவிடும். அப்படி நடந்ததை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் விருப்பமில்லை.

வைக்கும் முறை எளிது. பிளாஸ்டிக் தோட்டாப் பெட்டி ஒன்றில் பேட்டரி அளவாக உட்காரும் (15 சென்டிமீட்டர் நீளம், ஆறரை அகலம், ஒன்பதரை உயரம்). பக்கவாட்டில் ஒரு துளை, அதில் ரப்பர் வளையம், வயர் துளைக்குள் போகும் முன் ஒருமுறை கீழே தொங்கி ஏறவேண்டும், இல்லையென்றால் மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கும். பேட்டரிப் பக்கம் இரண்டு ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று. பெட்டி மரத்துக்குப் பின்னால், மேலே சருகு. வயரை மட்டும் வெறுமனே விடாதீர்கள்: அணிலும் எலியும் கொறிக்கும், முள்ளம்பன்றிக்கோ உப்பு ஆசை, நம் கைவியர்வை பட்ட எதையும் விடாது. வளையும் பிளாஸ்டிக் குழாய்க்குள் வயரை ஓட்டி மரத்தோடு இறுக்கிக் கட்டுகிறேன், இதுவரை தாங்குகிறது. கரடி வந்தால் குழாய் என்ன, கேமராவே மிஞ்சாது, அதற்கு எந்தப் பேட்டரியும் பதில் இல்லை.

ஐடியில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு உபரி வழி. அலுவலகத்தில் யூபிஎஸ் பேட்டரியைக் குறித்த காலத்தில் மாற்றி மறுசுழற்சிக்கு அனுப்புவார்கள். அதில் சில இன்னும் நன்றாகவே இருக்கும், கேட்டு வாங்கலாம். வீட்டில் முழு சார்ஜ் போட்டு ஒரு வாரம் சும்மா வைத்து அளந்து பாருங்கள், 12.5-க்குக் கீழே போனது என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதே சைஸில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியும் வருகிறது. எடை பாதிக்கும் குறைவு, முழுக்க இறக்கலாம், ஆயிரக்கணக்கான சார்ஜ் சுற்று வரும் என்கிறார்கள், அலமாரியில் மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. விலை கூடுதல், சார்ஜரும் தனி. உறைநிலைக்குக் கீழே அதை சார்ஜ் செய்யக்கூடாது. வீட்டில் சார்ஜ் போட்டு எடுத்துப் போகிறவருக்கு இது பிரச்சினையே இல்லை, காட்டில் சோலார் பேனலோடு சேர்த்துக் கட்டுகிறவருக்குப் பிரச்சினை. லெட் ஆசிட் குளிரிலும் மெதுவாக ஏறிக்கொள்ளும். என்னிடம் லித்தியம் பெட்டி ஒன்றே ஒன்றுதான், ஒரு குளிர்காலம் பார்த்திருக்கிறது, இதுவரை குறை இல்லை. கேமரா ரொம்ப உள்ளே, கிலோமீட்டர்கணக்கில் நடந்து போகிற இடத்தில் என்றால் இரண்டு கிலோ ஈயத்தைச் சுமப்பதைவிட இதுவோ, பெரியவரின் டபுள் ஏ லித்தியமோதான் நியாயம். வீட்டுக்குப் பின்னாலேயே ஒரே ஒரு கேமரா, நினைத்தால் போய்ப் பார்க்கலாம் என்றால் எனலூப் இரண்டு செட் போதும், பெட்டி கிட்டி எதுவும் வேண்டாம்.

எதை வாங்குவதானாலும் முதலில் கேமராவின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியைத் திறந்து, வெளிப்பேட்டரி சொருகும் துளை இருக்கிறதா, 12 வோல்ட்டா 6 வோல்ட்டா, நடு முனை பாசிட்டிவா என்று பாருங்கள். நிறையக் கேமராக்களில் 5.5-க்கு 2.1 மில்லிமீட்டர் பின்தான், ஆனால் பின் பொருந்துவதாலேயே வோல்டேஜ் பொருந்திவிடாது. 6 வோல்ட் துளையில் 12-ஐக் கொடுத்தால் கேமரா அங்கேயே போய்விடும். 6 என்று எழுதியிருந்தால் இதே கடையில் 6 வோல்ட் லெட் ஆசிட் கிடைக்கும், அதற்கு 6 வோல்ட் சார்ஜரும் சேர்த்து வாங்குங்கள்.