கொட்டகைக் காலுக்கு எந்த மரம்: தேக்கா, பனையா, சவுக்கா, மூங்கிலா?

மாட்டுக் கொட்டகையைப் பிரித்தபோது பழைய சவுக்குக் கால் ஒன்றைப் பிடுங்கினோம். தலைப்பக்கம் ஆணி இறங்காத கெட்டி. ஒன்றரை முழ ஆழத்தில் இருந்த அடிமுனையும் பெரிதாகக் கெடவில்லை. மண்மட்டத்தில்தான், மேலே நாலு விரலும் கீழே ஒரு சாணுமாக, ஊறிய புண்ணாக்கு போலக் கையோடு பிய்ந்து வந்தது.

மரத்தை மக்க வைப்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். கட்டையின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருந்தால் பூஞ்சை பிடிக்காது. முழுக்க நீரில் மூழ்கிக் கிடந்தாலும் காற்றில்லாமல் அதனால் பிழைக்க முடியாது. கேரளத்தில் பட்டணம் என்ற ஊரில் 2007இல் தோண்டியபோது, சுமார் 2,000 ஆண்டு பழைய அயினி மரத் தோணியும் அதைக் கட்டி நிறுத்தும் தேக்குக் குற்றிகளும் நீர் ஊறிய சேற்றுக்குள் கிடைத்தன. எகிப்தின் செங்கடல் கரையில், பெரெனிகே துறைமுகத்தில், ரோமானியர் காலத்து இந்தியத் தேக்குக் கட்டைகள் பாலைவன வறட்சியில் அப்படியே கிடந்தன. ஒன்றைக் காத்தது ஈரம், இன்னொன்றைக் காத்தது வறட்சி. நம் கொட்டகைக் கால் நிற்கும் மண்மட்டத்திலோ ஈரமும் காற்றும் சேர்ந்தே இருக்கின்றன. அதனால் நான்கு மரங்களையும் அந்த ஒரு சாண் இடத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

தேக்கில் சந்தேகமே இல்லை, வைரமாக, அதாவது கெட்டியான நடுக்கட்டையாக, இருந்தால். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கட்டைகளைப் பாதி மண்ணில் புதைத்துச் சோதிப்பார்கள். சராசரியாக 120 மாதம் தாக்குப்பிடித்தால் முதல் தரம், 60 முதல் 120 வரை நடுத்தரம், அதற்கும் கீழே என்றால் கடைசி. தேக்கின் வைரம் முதல் தரம். அதிலுள்ள டெக்டோகுவினோன் என்ற பொருளைக் கரையான் விரும்பாது. ஆனால் இந்தப் பெருமை வைரத்தைச் சுற்றியுள்ள வெளுத்த பகுதியான வெளிறுக்குச் சேராது. எந்த மரமானாலும் வெளிறு சீக்கிரம் மக்கும். பத்துப் பன்னிரண்டு வருடத் தோட்டத் தேக்கை வாங்குவதானால் அறுத்த முகத்தைப் பாருங்கள். நடுவில் பழுப்பு வட்டம் சின்னதாக, சுற்றிலும் வெளுப்பு அகலமாக இருந்தால் தேக்கு விலை கொடுக்காதீர்கள்.

பனை இதற்கு நேர் எதிர். புறத்தில் காழ், அதாவது வைரம், உள்ளதைப் புல் என்றும், அகத்தில் காழ் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியம் பிரித்து வைத்திருக்கிறது. தேக்குக்கு உறுதி உள்ளே, பனைக்கு உறுதி வெளியே. முற்றிய பனையைப் பிளந்து உள்ளே மெத்தென்று இருக்கும் சோற்றைச் செதுக்கி எறிந்துவிட்டு, கறுத்த வெளிப்பகுதியை மட்டும் கூரைச் சட்டமான வாரையாக எடுத்தால் ஓட்டுக்கூரைக்கு அதற்கு ஈடு கிடையாது. சோம்பல்பட்டு சோற்றை விட்டுவைத்தால் அந்தப் பக்கம்தான் முதலில் உளுக்கும். எங்கள் கூரையில் ஓடு ஒழுகிய ஓரிடத்தில் மட்டும் வாரை கெட்டிருந்தது. தட்டினால் வெளி ஓடு கணீர் என்றது, உள்ளே வெறும் தூள். அதற்கு அடுத்த முழமே காய்ந்து இரும்பாக நின்றது.

சவுக்கு மலிவு, நேராக வளரும், சாரம் கட்டவும் பந்தல் போடவும் நல்லது. நிரந்தரமாக மண்ணில் நிற்க அது ஆகாது. மூங்கில் அதைவிடச் சீக்கிரம் போய்விடும். பக்குவம் செய்யாத மூங்கில் மண்ணில் ஒன்று முதல் மூன்று வருடம் நின்றாலே அதிகம். அதிலுள்ள மாவுச்சத்துக்கு வண்டு வந்து துளைத்து, கீழே மாவாகக் கொட்டும். வெட்டியதும் சில வாரம் தண்ணீரில் ஊறப்போட்டால் மாவுச்சத்து குறையும், வண்டும் குறையும். கூரைக்கு அடியில் நனையாமல் இருந்தால் ஆயுள் கூடும்.

சரி, நான் எதை வைத்தேன்? மேலே பனை வாரை. காலுக்கு எங்கள் பழைய வீட்டுத் தேக்கு, அதையும் மண்ணில் இறக்கவில்லை. காலைச் சிமெண்டுக் குழியில் புதைத்தால் அந்தக் குழியே கிண்ணமாகித் தண்ணீரைத் தேக்கும். அதனால் தரைக்கு மேலே ஒரு சாண் உயரக் கல் பீடம் கட்டி, இரும்புப் பட்டையால் காலைப் பிடித்திருக்கிறேன். பீடத்துக்கும் மரத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருக்கிறது. மாட்டைக் கழுவிய தண்ணீர் அந்த வழியே ஓடிவிடும், மரமும் வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும்.